பழைய திகில் சித்திரக்கதைகளிலிருந்து வந்த தொகுப்புப் படங்கள்: ஒரு கதை பிடிக்கிறது, அடுத்தது ஏன் சோர்ந்துவிடுகிறது?

உப்புவெளி வாசகன்:

வணக்கம் உறவுகளே.

உப்புவெளியில் நாங்கள் சிலர் சேர்ந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு வீட்டின் முன்மண்டபத்தில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஆறுதலாக இருந்து கதைப்பது வழக்கம். அடுத்த மாதத்துக்குத் திகில் படம் வேண்டும் என்று இளையவர்கள் கேட்டதனால், 1950களின் அமெரிக்கத் திகில் சித்திரக்கதைகளை அடியொற்றி வந்த மூன்று தொகுப்புப் படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 1972இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரொம் த கிரிப்ட்', 1973இல் வந்த 'த வோல்ட் ஒஃப் ஹொரர்', 1982இல் வந்த 'கிரீப்ஷோ' ஆகியனவே அவை. மூன்றிலும் ஐந்தைந்து கதைகள் இருக்கின்றன.

எனக்கு விளங்காதது இதுதான். ஒரு படத்துக்குள் ஒரே இயக்குநர், ஒரே ஒளிப்பதிவாளர், ஒரே வகையான மூலக்கதை; அப்படியிருந்தும் ஒரு கதையை மூச்சுவிட மறந்து பார்த்த நான், அடுத்த கதை எப்போது முடியும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். நத்தார் இரவில் கணவனைக் கொன்றுவிட்டு, வெளியே நத்தார் தாத்தா வேடத்தில் ஒரு கொலைகாரன் நிற்பதைக் காணும் பெண்ணின் கதை என்னை உலுக்கிவிட்டது. ஜோன் கொலின்ஸ் நடித்த அந்தக் கதை கால் மணி நேரத்துக்கும் குறைவானது; பேச்சு மிகச் சொற்பம், வானொலியில் நத்தார்ப் பாடல்கள் மட்டும் தொடர்ந்து கேட்கின்றன. அதே படத்தில் மூன்று வரம் கேட்கும் கதை வந்தபோது மனம் ஒட்டவேயில்லை. 'வோல்ட்' படத்தில் ஐந்தும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிட்டன. 'கிரீப்ஷோ'வில் கடற்கரைக் கதை நெஞ்சில் தங்கியது, தந்தையர் தினக் கதை தங்கவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு இயக்குநரின் கைக்குறையா, அல்லது சித்திரக்கதையைப் படமாக்குவதிலேயே உள்ள சிக்கலா? அத்துடன், எங்களிடம் ஒன்றரை மணித்தியாலமே இருப்பதால் மூன்று படங்களிலிருந்தும் சில கதைகளை மட்டும் தெரிந்தெடுத்துக் காட்டலாம் என்று எண்ணுகிறேன். பார்வையாளர்களில் உயர்தர வகுப்பு மாணவர்களும் இருப்பார்கள். எவற்றைக் காட்டலாம் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டியாரக் குடாக்காரன்:

நல்ல கேள்வி. மூலக்கதைகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

அந்தக் கதைகளை வெளியிட்டது வில்லியம் கெயின்ஸ் நடத்திய ஈ.சி. கொமிக்ஸ். 1950 முதல் மூன்று திகில் இதழ்களை அவர்கள் நடத்தினார்கள். ஒரு கதைக்கு ஏழு, எட்டுப் பக்கங்களே இடம். அல் ஃபெல்ட்ஸ்டைன் எழுதிய கதைகளில் வருணனையும் உரையாடலும் முதலில் பலகையில் எழுத்தாகப் பதிக்கப்பட்டு, மீதி இடத்தில்தான் ஓவியர் படம் வரைந்தார். ஆகவே அந்தக் கதைகளின் வேகத்தைத் தீர்மானித்தது படம் அன்று, படத்தின் மேலே நெருக்கமாக நிற்கும் வருணனை வரிகளே. இரண்டு ஆண்டு கழிந்துவிட்டது என்று சொல்லவும், அவன் மனம் பொறாமையால் அரிக்கப்பட்டது என்று சொல்லவும் ஒரு வரி போதும். கடைசிப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் குற்றவாளிக்கு அவன் செய்த வினைக்கு நிகரான தண்டனை விழும். எல்லாம் அந்தக் கட்டத்துக்காகவே கட்டப்பட்டவை.

திரைப்படத்தில் அந்த வருணனை வரி இல்லை. அது சொன்ன காலத்தையும் மனநிலையையும் நடிகரும் கமராவும் நிமிடக்கணக்கில் நின்று காட்டியாக வேண்டும். அதற்கு வழி கண்டுபிடித்த கதைகள் உயிரோடு இருக்கின்றன, வழி காணாதவை கடைசிக் கட்டத்துக்காகக் காத்திருக்கின்றன. 'டேல்ஸ்' படத்தின் இரண்டாவது கதையை எடுங்கள். குடும்பத்தை விட்டு வேறொரு பெண்ணோடு புறப்பட்டவன் கார் விபத்தில் சிக்கி எழுந்து வருகிறான். அவனைக் காண்பவர்கள் எல்லோரும் அலறி ஓடுகிறார்கள். மூலத்தில் அது 'நீ எழுகிறாய், நீ நடக்கிறாய்' என்று வாசகனையே முன்னிலையில் நிறுத்தி எழுதப்பட்டது. இயக்குநர் ஃப்ரெடி பிரான்சிஸ் அந்த 'நீ'யைக் கமராவாக மாற்றிவிட்டார். விபத்துக்குப் பின் அவனுடைய கண்வழியாகவே நாம் பார்க்கிறோம், கடைசியில் அவன் தன் பிரதிபலிப்பைக் காணும்வரை அவன் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. அவர் ஒஸ்கார் வாங்கிய ஒளிப்பதிவாளர். எழுத்தின் உத்தியைக் கண்ணின் உத்தியாக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் சொன்ன நத்தார்க் கதையிலும் அப்படித்தான். காவற்றுறைக்குத் தொலைபேசியில் சொல்ல அவள் கை போகிறது, ஆனால் வீட்டுக்குள் கணவனின் பிணம் கிடக்கிறது. அவள் செய்த குற்றமே அவளுடைய கதவைப் பூட்டிவிட்டது. இதை விளக்க ஒரு வருணனை வரியும் தேவையில்லை. அதே கதையை 1989இல் தொலைக்காட்சித் தொடருக்காக றொபேர்ட் செமெக்கிஸ் மீண்டும் எடுத்தபோது, நேரம் நீண்டது, துரத்தலும் கூடியது, இறுக்கம் தளர்ந்தது.

சித்திரக்கதைப் பிரியை:

குடாக்காரன் அண்ணா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனாலும் உத்தி ஒன்றினால் மட்டும் ஒரு கதை மனதில் தங்கும் என்று நான் நினைக்கவில்லை. குற்றம் எவ்வளவு பொறுமையாகக் காட்டப்படுகிறது என்பதே என் பார்வையில் முதன்மையானது.

'டேல்ஸ்' படத்தில் பீற்றர் குஷிங் நடித்த முதியவரைப் பாருங்கள். மனைவியை இழந்த அந்தக் குப்பை அள்ளும் தொழிலாளி, அயற்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைத் திருத்திக் கொடுத்துக்கொண்டு, இறந்த மனைவியோடு பேசிக்கொண்டு வாழ்கிறார். எதிர்வீட்டுப் பணக்கார இளைஞன் அவரை அங்கிருந்து விரட்டுவதற்காக அவருடைய நாய்களைப் பறிக்கச் செய்கிறான், வேலையைப் பறிக்கிறான், பிள்ளைகளை வரவிடாமற் செய்கிறான். கடைசியில் காதலர் தினத்தன்று அயலவர் எல்லோரும் அனுப்பியதைப் போல வசைக் கவிதைகள் எழுதிய வாழ்த்து அட்டைகளை ஒரு கட்டாக அனுப்புகிறான். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கிறார். அந்தக் காட்சியில் குஷிங்கின் கைகளையும் கண்ணாடிக்குப் பின்னால் கலங்கும் கண்களையும் மட்டும் பார்த்தால் போதும். 1971இல் தம் மனைவியை இழந்திருந்த நடிகர் அவர், அந்தத் துயரம் நடிப்பிலே தெரிகிறது. அந்த முதியவர் தற்கொலை செய்துகொண்டு, ஓர் ஆண்டின் பின் கல்லறையிலிருந்து எழுந்து வரும்போது, பிணம் எழுகிறது என்று நான் பயப்படவில்லை. வரவேண்டியவர் வந்துவிட்டார் என்றே உணர்ந்தேன்.

அந்தப் படத்தின் கடைசிக் கதையும் இதே வகைதான். பார்வையற்றோர் இல்லத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற மேஜர் ஒருவர் அவர்களுடைய உணவையும் கணப்பையும் குறைத்து, தான் மட்டும் தன் நாயோடு சுகமாக உண்டு வாழ்கிறார். குளிரில் ஒருவர் இறக்கிறார். பார்வையற்றவர்கள் ஒன்றும் பேசாமல் தச்சுவேலையில் இறங்குகிறார்கள். ஒடுங்கிய ஒரு வழியின் இரு பக்கச் சுவரிலும் சவர அலகுகளை வரிசையாகப் பதித்து, வழியின் ஒரு முனையில் பட்டினி போட்ட அவருடைய நாயையே விடுகிறார்கள். அவர் சட்டை கிழியாமல் பக்கவாட்டாக அடி அடியாக நகர்ந்து அந்த இடத்தைக் கடக்கிறார். பிறகு விளக்கு அணைகிறது. பசிக்குப் பசி, இருட்டுக்கு இருட்டு. கணக்குச் சரியாக இருப்பதனாலேயே அந்தக் கடைசிக் கணம் நம்மை அறைகிறது.

வரக் கதை ஏன் விழுகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அந்த வணிகர் இரக்கமற்றவர் என்று நமக்குச் சொல்லப்படுகிறது, காட்டப்படவில்லை. தண்டனையோ முடிவே இல்லாத வேதனை. செய்த பாவம் கண்ணுக்குத் தெரியாதபோது தண்டனை வெறும் கொடூரமாக நின்றுவிடுகிறது. 'கிரீப்ஷோ'வின் தந்தையர் தினக் கதையிலும் எழுந்து வரும் பிணம் எதிர்ப்பட்ட எல்லோரையும் கொன்றுகொண்டே போகிறது, யார் எதற்காகச் சாகிறார் என்ற கணக்கு இல்லை.

'வோல்ட்' படத்தில் ஒரு மந்திரவித்தைக்காரர் இந்தியாவுக்கு வந்து கயிற்று வித்தைக்காக ஒரு பெண்ணைக் கொல்லும் கதை இருக்கிறதல்லவா? அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை இருந்ததாகவே படம் காட்டவில்லை. நம்மவர்களுக்கு அது கூடுதலாக உறுத்தும்.

மூன்றாம் கட்டை:

வோல்ட் படத்தைப் பற்றி ஒரு செய்தி. நீங்கள் பார்த்தது வெட்டப்பட்ட பிரதியாக இருக்கலாம். அமெரிக்காவில் சிறுவரும் பார்க்கக்கூடிய தரச்சான்றைப் பெறுவதற்காக, கொடூரமான சில நொடிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அசையாப் படத்தை வைத்த பிரதியே நீண்ட காலம் சுற்றியது. இரத்தக் காட்டேரிகளின் உணவகத்தில் நடக்கும் முதற் கதையில், ஒருவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவன் கழுத்தில் குழாய் பொருத்திக் குவளையில் இரத்தம் பிடிப்பதே கடைசிக் கட்டம். அந்த இடத்தில் படம் அசையாமல் உறைந்து நின்றால் நீங்கள் பார்த்தது வெட்டிய பிரதி. பொருள்களை ஒழுங்காக அடுக்கச் சொல்லியே மனைவியை வதைக்கும் கணவனின் கதையிலும் சுத்தியல் விழும் இடம் இப்படித்தான். கடைசிக் கட்டத்துக்காகவே கட்டிய கதையில் அதையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? வெட்டாத பிரதி பின்னர் வட்டாக வந்துவிட்டது, அதைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, பிள்ளைகள் எல்லோரும் கதைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். அவற்றைக் கோக்கும் சட்டக்கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தொகுப்புப் படம் சோர்ந்துபோவதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

'டேல்ஸ்' படத்தில் ஐந்து பேர் நிலத்தடிக் கல்லறைக்குள் வழி தவறி, ஒரு துறவியைப் போன்றவரைச் சந்திக்கிறார்கள். 'வோல்ட்' படத்தில் ஐந்து பேர் மின்தூக்கியில் ஏறி, ஒருவரும் அழுத்தாத அடித்தளத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். இரண்டையும் தயாரித்த அமிகஸ் நிறுவனம் 1965இலேயே ஒரு புகையிரதப் பெட்டிக்குள் ஐந்து பேரை இருத்தி இதே முடிவைக் காட்டிவிட்டது: கதை கேட்டவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இறந்தவர்கள். ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றதில் வியப்பு எங்கிருந்து வரும்?

நம்மிடம் வேதாளக் கதைகள் இருக்கின்றன. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் தொகுத்தவற்றிலும் அவை உண்டு. எங்கள் தலைமுறை அம்புலிமாமாவில் மாதந்தோறும் காத்திருந்து வாசித்தது. அங்கே சட்டக்கதை சும்மா கிடக்கும் கயிறு அன்று. விக்கிரமாதித்தன் பேசாமல் பிணத்தைச் சுமந்து வரவேண்டும். வேதாளமோ கதையைச் சொல்லி, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்கிறது. விடை சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். ஆகவே ஒவ்வொரு கதையும் அவனுக்கு ஒரு சோதனை. யார் செய்தது நியாயம் என்ற தீர்ப்பைக் கேட்பவனே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் படங்களில் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது, கேட்பவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதனால் ஒவ்வொரு கதையும் தன் காலில் தானே நிற்க வேண்டியதாகிறது, நிற்க முடியாதது விழுந்துவிடுகிறது.

இருந்தாலும் 'டேல்ஸ்' படத்தில் ரால்ஃப் றிச்சர்ட்சன் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சித்திரக்கதையில் கதை சொல்லும் கிழட்டுப் பூதம் சிரித்துச் சிரித்துச் சிலேடை பேசும். அவரோ அமைதியாக, சிறிது சலிப்போடு, ஒரு நீதவானைப் போல் பேசுகிறார். அந்த அமைதி ஐந்து கதைகளுக்கும் ஒரு கனத்தைக் கொடுக்கிறது. 'வோல்ட்' படத்தில் அப்படி ஒருவர் இல்லை, ஐந்து பேரும் தங்கள் கனவுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

'கிரீப்ஷோ'வின் சட்டக்கதை வேறு வகை. திகில் கொமிக்ஸ் வாசித்த மகனை அடித்து, இதழைக் குப்பையில் எறிகிறார் தந்தை. 1954இல் அமெரிக்க செனற் குழு இந்த இதழ்களை விசாரித்ததும், அதே ஆண்டில் பதிப்பாளர்கள் ஏற்படுத்திய ஒழுங்குவிதி தலைப்பில் 'ஹொரர்', 'டெரர்' என்ற சொற்களையே தடுத்ததும், ஈ.சி. தன் திகில் இதழ்களை நிறுத்தியதும் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கின்றன. படத்தை எழுதிய ஸ்டீபன் கிங்கும் இயக்கிய ஜோர்ஜ் ரொமேரோவும் சிறுவயதில் அந்த இதழ்களை வாசித்து வளர்ந்தவர்கள். சிவப்பு, நீல வெளிச்சத்தையும் கட்டங்களின் ஓரக்கோடுகளையும் திரைக்குக் கொண்டுவந்தது அந்த அன்பினாலேதான். பிரித்தானியாவிலும் 1955இல் இவ்வகை இதழ்களுக்கு எதிராகச் சட்டமே வந்தது. அதே நாட்டில்தான் பின்னர் அமிகஸ் இவற்றைப் படமாக்கியது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

நிலாவெளி மகள்:

தெரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'கிரீப்ஷோ'வின் கடற்கரைக் கதையைக் காட்டுவதற்கு முன் தயவுசெய்து யோசியுங்கள்.

அந்தக் கதையில் லெஸ்லி நீல்சன் தன் மனைவியையும் அவளுடைய காதலனையும் கழுத்தளவு மணலில் புதைத்துவிட்டு, வற்றுப்பெருக்கில் நீர் ஏறி அவர்கள் மூழ்குவதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீர் முதலில் நாடியில் தொடுகிறது, பின் வாயில், பின் மூக்கில். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் இது எப்படி நடக்கும் என்று யாராவது கேட்கக்கூடும். அத்திலாந்திக் கரையில் கடல் அதைவிடக் கூடுதலாக ஏறும் என்று சொல்லிவிடலாம். என் கவலை அதுவன்று. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் உறவுகளைக் கொடுத்தவர்கள் உங்கள் மண்டபத்தில் இருப்பார்கள். இளையவர்கள் அதைப் பார்த்திராவிட்டாலும் அவர்களுடைய பெற்றோர் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சித்திரக்கதைகளின் உலகில் குற்றம் செய்தவரைத்தான் சாவு தேடி வரும். அது ஒரு வகையில் ஆறுதலான உலகம். சித்திரக்கதைப் பிரியை அக்கா சொன்ன கணக்கு அங்கே சரிவரும். எங்கள் கரையில் கடல் யாருடைய கணக்கையும் பார்த்து வரவில்லை. அதனால்தானோ தெரியவில்லை, பலர் வேடிக்கை என்று ஒதுக்கும் ஜோர்டி வெரிலின் கதையே எனக்கு அந்தப் படத்தில் மிகக் கனமானது. விண்கல் ஒன்று அவனுடைய நிலத்தில் விழுகிறது. அதைக் கல்லூரிக்கு 200 டொலருக்கு விற்று வங்கிக் கடனைக் கட்டலாம் என்று எண்ணி அதைத் தொடுகிறான். அவ்வளவுதான் அவன் செய்தது. விரலில் தொடங்கிய பச்சைப் புல் உடம்பு முழுவதும் ஏறிவிடுகிறது. ஜோர்டியாக வரும் ஸ்டீபன் கிங் மிகையாக நடித்திருக்கிறார் என்பது உண்மை. ஆனால் கடைசியில் அவன் தனியாக இருந்து மன்றாடும்போது, அந்த மிகை எல்லாம் எனக்கு மறைந்துவிட்டது.

உப்புவெளி வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. நிலாவெளி மகள் எழுதியதை வாசித்த பின் குழுவில் உள்ள மூத்தவர்களோடு கதைத்தேன். கடற்கரைக் கதையை விட்டுவிடுகிறோம்.

குஷிங் கதை, பார்வையற்றோர் கதை, நத்தார்க் கதை ஆகிய மூன்றையும் 'டேல்ஸ்' படத்திலிருந்தும், ஜோர்டியின் கதையை 'கிரீப்ஷோ'விலிருந்தும் எடுப்பதாக இப்போதைய எண்ணம். தற்கொலை இரண்டு கதைகளில் வருவதால் அதை முன்கூட்டியே அறிவிப்போம். 'வோல்ட்' படத்தின் முதற் கதையை மறுபடி போட்டுப் பார்த்தேன். மூன்றாம் கட்டை சொன்னதைப் போலவே குழாய் வரும் இடத்தில் படம் உறைந்து நிற்கிறது, ஆகவே அந்தப் படத்தைப் பற்றிய என் தீர்ப்பை வெட்டாத பிரதி கிடைக்கும்வரை ஒத்திவைக்கிறேன்.

ஒரு கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஐயா சொல்வதைப் போலச் சட்டக்கதை அவ்வளவு முக்கியமானால், நாங்கள் கதைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும்போது அவை வலுவிழக்க வேண்டும். குஷிங் கதையை வீட்டில் என் தங்கைக்குத் தனியாகப் போட்டுக் காட்டினேன். சட்டக்கதையைப் பற்றி ஒன்றும் அறியாத அவள், வாழ்த்து அட்டைகளை வாசிக்கும் இடத்தில் எழுந்து போய்விட்டாள். எந்த ஒழுங்கில் காட்டுவது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

உங்கள் தங்கை எழுந்து போன கதை தன் காலில் நிற்கும் கதை, தம்பி. விழும் கதைகளுக்குத்தான் சட்டக்கதையின் துணை தேவை.

ஒழுங்கைப் பொறுத்தவரை நத்தார்க் கதையை முதலில் வையுங்கள், அது சுருக்கமானது, கூட்டத்தை உடனே அமைதியாக்கும். அடுத்து ஜோர்டி. பின்பு குஷிங். பார்வையற்றோர் கதை மெதுவாக ஏறுவது. அதைக் கடைசியில் வைத்து, அது முடிந்ததும் மண்டபத்து விளக்கை உடனே போட்டுவிட்டு, அந்த மேஜருக்குக் கிடைத்தது நியாயமான தண்டனைதானா என்று மாணவர்களிடமே கேளுங்கள்.